செத்தவீட்டில் எனக்கு வசனம் இல்லை

எனக்குக் குரல் பெரிசு. பெருமைக்குச் சொல்லவில்லை, இந்த மொன்றியலில் அதனால் நான் பட்ட பாட்டைச் சொல்ல வந்ததால் சொல்கிறேன். நான் ரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டில் இருந்து பதில் வரும். கல்யாணம் கட்டி வந்த புதிதில் இவர் (வீட்டுக்காரரின் பெயரை எழுத இன்னும் கை கூசுது, என்ன செய்ய) மேல்வீட்டு மடாம் லூசியிடம் போய், "நாங்கள் சண்டை பிடிக்கேல்லை மடாம், சோத்துக்கு என்ன கறி எண்டுதான் கேட்டவ" என்று அரைகுறைப் பிரெஞ்சில் விளக்கம் கொடுத்த நாட்களும் உண்டு.

இதில் ஆகலும் கஷ்டப்பட்டது மகள் ஆரணிதான். அப்போது நாலாம் வகுப்பு. அவளோடு பஸ்ஸில் ஏறி, "கையுறை எங்கை பிள்ளை?" என்று கேட்டால் முன்னுக்கு இருக்கிறவர்களும் தங்கள் கையுறையைத் தேடுவார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்ப்பார். ஆரணி ஜாக்கெட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு, "அம்மா, மெதுவாக் கதையுங்கோ. எல்லாரும் பாக்கினம்" என்பாள். நானும் முயற்சி செய்தேன். நான் மெதுவாகக் கதைத்தால் யாரையோ மிரட்டுகிற மாதிரி இருக்கிறது என்று இவர் சொன்ன பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

அந்த வருசம் சித்திரையில் யாழ்ப்பாணத்தில் அப்பா போனார். என்ர பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போய் வராமல் கிடந்தது. செத்தவீட்டை ஃபோனில்தான் பார்த்தேன். ஃபோனைப் பிடித்திருந்த பெடியன் கால்மாட்டில் நின்றபடியால் முகம் தெரியவில்லை. அப்பாவின் இரண்டு பாதமும், வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்த பெருவிரல்களும்தான் எனக்குத் தெரிந்தன. நான் அழத் தொடங்கினேன். செத்தவீட்டில் எப்படி அழ வேண்டுமோ அப்படி, சொல்லிச் சொல்லி, வாய்விட்டு. அங்கே யாரோ ஃபோனைத் தேவாரம் போடுகிற ஸ்பீக்கரோடு கொளுவியிருக்கிறார்கள். என் ஒப்பாரி ஒழுங்கையில் இருந்த அத்தனை வீட்டுக்கும் கேட்டிருக்கிறது. திடீரென்று தம்பியின் முகம் திரையை அடைத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, உங்கட மைக்கை ஒருக்கா நிப்பாட்டுங்கோ. எக்கோ அடிக்குது. ஐயர் மந்திரம் சொல்லேலாமல் நிக்கிறார்."

நிப்பாட்டினேன். திரையின் மூலையில் சின்னதாக என் முகம், வாய் திறந்து திறந்து மூடுகிறது, சத்தமில்லை. அதைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. வாயை மூடினேன். அதோடு அழுகையும் போய்விட்டது. திரும்ப வரவேயில்லை. (செத்தவீட்டுக்குப் போய் வந்தால் முழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. ஃபோனில் பார்த்த செத்தவீட்டுக்கு முழுகிறதோ இல்லையோ எண்டு தெரியாமல், கேட்கவும் ஆளில்லாமல், முழுகாமலே விட்டிட்டன்.)

ஐப்பசி மாதம், படிக்கட்டில் வைத்து மடாம் லூசி என்னைப் பிடித்தார். பென்சன் எடுத்த வாத்தியார், சரித்திரப் பைத்தியம். நாங்கள் இருக்கிற அஹுன்ட்சிக் பகுதியில் எந்தக் கல்லைத் தூக்கினாலும் அதற்குக் கீழே கிடக்கிற கதை அவருக்குத் தெரியும். அன்று என்னவோ நீளமாகச் சொன்னார். எனக்கு ஒரு பழக்கம், விளங்காத பிரெஞ்சுக்கு எல்லாம் "வீ, வீ" என்று தலையாட்டுவேன். அடுத்த நாள் எங்கள் கதவுக் கைபிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே கறுத்த பாவாடை, கறுத்த கம்பளிச் சால்வை, கறுத்த தொப்பி.

"ஆர் செத்தது?" என்று இவர் கேட்டார்.

ஆரணி பையில் இருந்த கடுதாசித் துண்டை வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டாள். ஹலோவீனுக்கு ஆற்றங்கரைப் பூங்காவில் குடும்பங்களுக்கு ஒரு பேய் நடை வைக்கிறார்களாம். சின்னப் பிள்ளைகளும் வரலாம், பெரிதாகப் பயப்படுத்த மாட்டார்கள். பாதை நெடுக அந்தக் காலத்து ஆட்களின் வேசத்தில் அக்கம்பக்கத்தவர் நின்று இந்த இடத்தின் கதையைச் சொல்வார்கள். நடுவில் ஒரு பழைய காலத்துச் செத்தவீடு. அதில் அழ வந்த அயல் பொம்பிளை நான்.

"அம்மா, எங்கட வகுப்பு முழுக்க அதுக்கு வருது."

"வந்தால் என்ன?"

"உங்களுக்கு வசனம் இருக்கே?"

நான் மேலே போய்க் கேட்டுவிட்டு வந்தேன். வசனம் இல்லை. கால்மாட்டுக் கதிரையில் சும்மா சோகமாக இருந்தால் போதும். ஆரணிக்கு உயிர் வந்தது. இருந்தாலும் பேச்சுவார்த்தையை முடிக்காமல் விடவில்லை.

"ஒரு சத்தமும் போடமாட்டீங்கள் எண்டு சொல்லுங்கோ. தும்மவும் கூடாது. நான் வரேக்க என்னைத் தெரிஞ்ச மாதிரிக் காட்டக் கூடாது. தொப்பி போட்டால் ஒருத்தருக்கும் தெரியாது."

பிள்ளை கண்கலங்கிக் கேட்டது. ஒரு பின்னேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்ன பெரிய காரியமா? தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். இவர் பக்கத்தில் நின்று, "இஞ்சேரும், நீர் ஒரு மணித்தியாலம் பேசாமல் இருக்கிறதை நான் வீடியோ எடுத்து வைக்கப் போறன். பேந்து ஒருத்தரும் நம்பாயினம்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அன்று வெளிச்சம் மங்குகிற நேரத்துக்கு நான் ஆற்றங்கரைக்குப் போனேன். கறுத்த பாவாடைக்குக் கீழே இரண்டு காற்சட்டை, சால்வைக்குள் ஸ்வெட்டர், அதற்குள் இன்னொரு ஸ்வெட்டர். அழ வந்த பொம்பிளை என்றால் யாரும் நம்பமாட்டார்கள், அவ்வளவு செழிப்பாக இருந்தேன். பாதை ஓரத்தில் ஆணியால் துளை போட்ட தகர டப்பாக்களுக்குள் மெழுகுதிரி ஏற்றி வைத்திருந்தார்கள். பழைய மாவு ஆலையின் கற்சுவர்கள் தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு கூரையில்லாமல் நின்றன. அந்தச் சுவர்களுக்கு இடையால் ஆறு இரைந்துகொண்டு போனது.

பேய்கள் எல்லாம் தேர்மஸில் கோப்பி குடித்துக்கொண்டு நின்றன. நான் கிட்டப் போனதும் ஒவ்வொரு பேயும் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு "பொன்சுவார் மடாம்" என்றது. (எங்கட ஊர்ப் பேய்க்கு உந்த மரியாதை வராது.) முகம் முழுக்க மா பூசின ஒரு பொம்பிளை, இந்த ஆலையில் இரவு பகலாக மா அரைத்த கதையைச் சொன்னாள். ஆள் உயர வாளோடு நின்ற ஒருவர், ஃபிரிட்ஜ் வருவதற்கு முந்தி மாரியில் உறைந்து கிடக்கிற இந்த ஆற்றைத்தான் ஐஸாக அறுத்து அறுத்து, மரத்தூளுக்குள் புதைத்து, கோடைக்கு வீடு வீடாக விற்றார்கள் என்றார். ஆற்றை அறுத்து விற்றிருக்கிறார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் பாலத்தால் இந்த ஆற்றைத் தாண்டித்தான் லவாலுக்குப் போகிறேன். ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. மொன்றியல் நான் வந்து இறங்கின அன்றைக்குத்தான் தொடங்கினது என்ற நினைப்பில் இவ்வளவு காலமும் திரிந்திருக்கிறேன்.

செத்தவீடு ஆலைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கல்வீட்டு அறை. சுவர்க் கண்ணாடியைக் கறுத்த துணியால் மூடியிருந்தார்கள். மணிக்கூட்டை நிறுத்தியிருந்தார்கள். ஆள் போன வீட்டில் நேரம் ஓடக் கூடாதாம். எனக்கு மயிர் கூச்செறிந்தது. நாங்கள் றேடியோவையும் ரீவியையும் நிப்பாட்டுவம், இவர்கள் மணிக்கூட்டையே நிப்பாட்டியிருக்கிறார்கள். அறை நடுவில் இரண்டு மரத் தாங்கிகளின் மேல் பலகை. பலகையில் ஜீல்.

ஜீல் பென்சன் எடுத்த பஸ் டிரைவர். அவருக்குக் கொடுத்த வேசம் இளம் பெடியன். (இளம் பெடியன்கள் ஒருத்தரும் பிணமாகக் கிடக்க வரேல்லையாம்.) நரைத்த தலையைத் தொப்பிக்குள் மறைத்துக்கொண்டு, "இடுப்புக்கு நல்லது, என் டாக்டர் கடினமான கட்டிலில் படுக்கச் சொன்னார்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிச் செத்தார். வெள்ளைத் துணி கணுக்கால் மட்டும்தான் எட்டியது. கம்பளிக் காலுறையில் ஒரு ஓட்டை. அதற்குள்ளால் பெருவிரல் எட்டிப் பார்த்தது. என் கதிரை கால்மாட்டில், பக்கத்துக் கதிரையில் அழ வந்த இன்னொரு பொம்பிளை.

பிள்ளைகளின் முதல் கூட்டம் வந்தது. மடாம் லூசி கையில் விளக்கோடு கதையைச் சொன்னார். சின்னப் பிள்ளைகளுக்காக மெதுவாக, எளிய சொற்களில் சொன்னபடியால், வாழ்க்கையில் முதல்தரமாக ஒரு முழுப் பிரெஞ்சுக் கதை எனக்குத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை விளங்கியது. அந்தக் காலத்தில் தூரத்துக் காடுகளில் வெட்டின மரங்களைத் தெப்பமாகக் கட்டி, அதற்கு மேல் நின்றுகொண்டே இந்த ஆற்றால் இறங்கி வருவார்களாம். இந்த இடத்தில் சுழி. ஒரு வசந்தகாலத்தில் ஒரு பெடியன் தவறி விழுந்துவிட்டான். கரையில் இருந்தவர்கள் எடுத்துவந்து, யார் எவர் என்று தெரியாத பிள்ளையைத் தங்கள் வீட்டு அறையில் பலகை போட்டுக் கிடத்தி, இரவிரவாகக் காவல் இருந்தார்கள். நான் சத்தமில்லாமல் இருந்து கேட்டேன். அடுத்த கூட்டத்துக்கும் அதே கதை. அதற்கும் நான் ஒரு மூச்சு விடவில்லை. எனக்கே என்னை மெச்ச வேண்டும் போல இருந்தது.

பிறகு ஆரணியின் வகுப்பு வந்தது. இவரும் பின்னால் வந்தார், சொன்னபடி ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. ஆரணி என்னைப் பார்க்காமல் மணிக்கூட்டைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்காமல் ஜீலின் பெருவிரலைப் பார்த்தேன். எங்களுக்குள் எல்லாம் ஒப்பந்தப்படி நடந்தது.

கதை முடிந்ததும் முன்வரிசையில் நின்ற ஒரு பிள்ளை கேட்டாள்.

"அவன்ர அம்மா வரேல்லையா?"

"இல்லை செல்லம். அவர்கள் கனதூரம். செய்தி போய்ச் சேரவே நாளாகியிருக்கும்" என்றார் மடாம் லூசி. "அவனுடைய ஆட்கள் என்று அழ இங்கே ஒருவரும் இருக்கவில்லை."

அந்த வசனம் எனக்கு எங்கே பட்டது என்று சொல்லத் தெரியவில்லை. பெருவிரல் தெரிந்தது. பாதம் தெரிந்தது. தூரத்தில் இருந்த ஆட்கள் என்று சொன்னது காதில் கேட்டது. அடுத்ததாக என் வாய் திறந்துவிட்டது.

"என்ர ராசா..."

கல் அறை. என் குரல் போய் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது. மார்பில் அடித்துக்கொண்டேன். பெத்தவள் வரமுன்னம் போயிட்டியே, ஆத்தங்கரையில ஆருமில்லாமல் கிடக்கிறியே, ஆருடைய வீட்டுப் பலகையிலயோ படுத்திருக்கிறியே என்று சொல்லிச் சொல்லி அழுதேன். பெடியனுக்கு என்று தொடங்கினது எந்த இடத்தில் "என்ர அப்பா" என்று மாறினது என்று எனக்குத் தெரியாது. பக்கத்துக் கதிரையில் இருந்த மற்ற அழுகைக்காரப் பொம்பிளையை (அவ இந்த ஊர்ப் பல் டாக்டரிட்ட வேலை செய்யிறவ, என்னை முன்பின் தெரியாது) கட்டிப் பிடித்து ஆட்டி ஆட்டி அழுதேன். அவளும் முதலில் விறைத்துப் போய் இருந்துவிட்டுப் பிறகு என் தோளில் முகத்தை வைத்து அழத் தொடங்கிவிட்டாள்.

ஒருவரும் அசையவில்லை. என் குரலைக் கேட்டு இந்த ஊரில் ஆட்கள் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள், முகத்தைச் சுளித்திருக்கிறார்கள், ஜன்னலைச் சாத்தியிருக்கிறார்கள். அன்றுதான் முதல்தரமாக அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒரு சொல்லும் விளங்காமல், எல்லாம் விளங்கினவர்கள் மாதிரி நின்றார்கள். அழுதுகொண்டிருக்கும்போதே அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நிற்பாட்ட முடியவில்லை. இவ்வளவும் எனக்குள் எங்கே கிடந்தது என்று எனக்கே திகைப்பாக இருந்தது.

அப்போதுதான் பிணம் எழும்பியது.

ஜீலுக்கு மனம் கேட்கவில்லை. கண்ணால் தண்ணீர் ஓட ஓட எழும்பி உட்கார்ந்து, இரண்டு கையையும் என் பக்கம் நீட்டி, "மடாம், மடாம்" என்றார். ஆறுதல் சொல்லத்தான். ஆனால் அரை இருட்டில், வெள்ளைத் துணி வழிய, பலகையில் இருந்து ஒரு பிணம் எழும்பி அழுதுகொண்டு கையை நீட்டினால் பிள்ளைகள் ஆறுதல் என்று நினைப்பார்களா? ஒரே வீரிடல். அறை காலியானது. வெளியே வரிசையில் நின்ற கூட்டம், ஓடி வருகிற கூட்டத்தைக் கண்டு தானும் திரும்பி ஓடியது. சத்தம் கேட்டு ஐஸ் அறுக்கிறவர் உதவிக்கு ஓடி வந்தார். வாளை வைத்துவிட்டு வந்திருக்கலாம், அந்த நேரம் அவருக்கு அது தோன்றவில்லை. மாவுக்காரி பயந்து, நடை முடிவில் எல்லாருக்கும் கொடுக்க வைத்திருந்த சூப் மேசையில் இடிக்க, பூசணிக்காய்ச் சூப் பாதை முழுக்க ஓடியது. வாசலில் தொங்கின அறிவிப்புப் பலகையில், சிரிக்கிற பூசணிக்காய்ப் படத்துக்குக் கீழே, சகல வயதினருக்கும் உகந்தது என்று எழுதியிருந்தது.

அறையில் மிஞ்சினது மடாம் லூசி, எழும்பின பிணம், என்னில் ஒட்டிக்கொண்டிருந்த மற்ற அழுகைக்காரப் பொம்பிளை, சுவரோடு ஒட்டி நின்ற இவர். ஃபோன் இன்னும் கையில் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் ஆரணி.

அவளைக் கண்டதும் எனக்கு உயிர் போனது. தும்மக் கூடாது என்று கேட்ட பிள்ளை. தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணின நான், அவளின் முழு வகுப்பையும் ஆற்றங்கரையால் கலைத்திருக்கிறேன். தொப்பி வேறு கழன்று விழுந்துவிட்டது. முகம் மறைக்க ஒன்றும் இல்லை.

ஆரணி கிட்ட வந்தாள். கதிரையில் இருந்த என்னை நின்றபடியே கட்டிப் பிடித்தாள். ஒரு செத்தவீடும் கண்டறியாத பிள்ளை, எப்படிப் பிடிக்க வேண்டுமோ அப்படிப் பிடித்தாள். பிறகு என் காதுக்குள் சொன்னாள்.

"அம்மா, அது ஜீல். அவர் சாகேல்லை."

"தெரியும் பிள்ளை."

"அம்மப்பாவுக்கே அழுதனீங்கள்?"

நான் தலையாட்டினேன். நான் மடாம் லூசியைப் பார்த்து "பார்தோன், பார்தோன்" என்று மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இந்த அறையில் இவ்வளவு வருசமாக அந்தப் பெடியனின் கதையைச் சொல்கிறேன், அவனுக்காக ஒருவர் உண்மையாக அழுதது இன்றைக்குத்தான் என்றார். (சொல்லி முடிச்ச கையோட, அடுத்த கூட்டத்துக்கும் இதே மாதிரிச் செய்ய முடியுமோ எண்டு கேட்டா. அழுகை என்ன பைப்பா மடாம், திறந்து விட?)

வெளியே பிள்ளைகள் ஒரு கூட்டமாக நடுங்கிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி ஆரணியிடம், அந்த அழுத மடாம் யார், நடிகையா என்று கேட்டது எனக்குக் கேட்டது. நான் சால்வையை முகத்துக்கு இழுத்தேன். ஆரணி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அது என்ர அம்மா" என்றாள் பிரெஞ்சில். மெதுவாகச் சொல்லவில்லை. என் மகள் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. (அடுத்த கிழமை பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இருந்த மதிப்பைச் சொல்லி முடியாது. பிணத்தை அழுது எழுப்பின அம்மா வேறு எந்தப் பிள்ளைக்கு இருக்கு?)

வீட்டு வாசலுக்கு வந்ததும் நான் உள்ளே போகாமல் நின்றேன். எனக்கே அது விசர் வேலையாகப் பட்டது. ஜீல் இந்நேரம் வீட்டுக்குப் போய்ச் சூப் குடித்துக்கொண்டிருப்பார். இருந்தாலும் கால் உள்ளே போகவில்லை. இப்படியானதை எல்லாம் நம்பாத இவர் என்னைத் தாண்டி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. துவாயோடு வந்து, என்னைப் பின்பக்கத்தால் வரச் சொல்லி, பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"சுடுதண்ணி போட்டிருக்கிறன். முழுகிப்போட்டு வாரும்" என்றார்.

சித்திரையில் முழுகாத முழுக்கை அன்றைக்கு முழுகினேன்.

வீடியோவை இவர் குடும்பக் குறூப்பில் போட்டுவிட்டார். நான் பேசாமல் இருந்ததற்கு ஆதாரமாக எடுக்கத் தொடங்கின வீடியோ. யாழ்ப்பாணத்தில் விடிந்ததும் தம்பி ஃபோன் எடுத்தான்.

"அக்கா, பாத்தனான்" என்றான். "அம்மாவும் பாத்தவ. திருப்பிப் போடச் சொல்லிப் பாத்தவ."

"சரியான வெக்கக்கேடாப் போச்சடா."

"அண்டைக்கு நான் மைக்கை நிப்பாட்டச் சொல்லியிருக்கக் கூடாது."

"ஐயர் மந்திரம் சொல்லேலாமல் நிண்டால் நீ என்னடா செய்யிறது?"

"ஐயருக்கு வேற செத்தவீடு வரும் அக்கா. எங்களுக்கு ஒரு அப்பாதானே."

நான் ஃபோனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். அங்கே அவன் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, என்ன சத்தத்தைக் காணேல்லை? மைக்கைப் போடுங்கோ" என்றான். அழுதுகொண்டிருந்த இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் அந்த மைக் கதை ஒரு பகிடியாகிவிட்டது. பேய் நடையில் இப்போது ஒவ்வொரு வருசமும் பிணம் எழும்புகிறது, அறிவிப்புப் பலகையில் சின்னப் பிள்ளைகள் கவனம் என்றும் சேர்த்திருக்கிறார்கள். நான் கால்மாட்டில் இருக்கிறேன். அழுகை வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. ஜீல் இடுப்பு வலியோடும் வந்து கிடக்கிறார்.

ஆரணி இப்போது என்னைவிட உயரம். போன கிழமை இரண்டு பேரும் பஸ்ஸில் வந்தோம். சனம் நிறைய. பழைய பழக்கத்தில் நான் வாயைக் கையால் மூடிக்கொண்டு அவளிடம் என்னவோ சொன்னேன். அவள் காதில் இருந்த இயர்ஃபோனைக் கழற்றினாள்.

"அம்மா, கேக்கேல்லை. மைக்கைப் போடுங்கோ."

போட்டேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.